கிளட்ச் மிதி சொல்லும் செய்தி



ஒரு பொறி பழுதுபட்டால் அதைச் சீர்செய்ய முற்படுவோரில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் உடனே ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு கழற்றத் தொடங்குவர். மற்றொரு வகையினர் முதலில் சிறிது நேரம் வாளாவிருந்து, அப்பொறி என்ன செய்கிறது, என்ன செய்ய மறுக்கிறது என்பதை உற்று நோக்குவர். பார்ப்பவர்களுக்கு முன்னவர் சுறுசுறுப்பானவராகவும் பின்னவர் சோம்பேறியாகவும் தோன்றலாம். ஆனால் குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் வேலையை முடிப்பவர் பெரும்பாலும் பின்னவரே. பழுது பார்த்தல் என்பது கையின் தொழில் மட்டும் அன்று. அது அறிவின் தொழிலும் ஆகும். இவ்வுண்மையை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்ற ஊரில், 1962 முதல் 1980 வரை இது உற்பத்தி செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அத்தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. 1980இல் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது; எனினும் வண்டிகள் மறையவில்லை. இன்றும் உலகின் பல நாடுகளில் ஆர்வலர்கள் இவற்றைப் பேணி ஓட்டி வருகின்றனர். நம் நாட்டுக்கும் இவ்வண்டிக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் காரில் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி. காரின் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை.

இக்காரின் உரிமையாளர் ஒருவர் நம்மிடம் வந்து, "கிளட்சை மிதித்தாலும் கியர் விழுவதில்லை, பற்கள் நறநறவென்று உராய்கின்றன" என்று முறையிடுவதாகக் கொள்வோம். கிளட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அம்முடிவின் விலை மிகப் பெரிது. ஏனெனில் இந்த வண்டியில் கிளட்சை அடைய வேண்டுமானால் எஞ்சினையே வெளியே தூக்கியாக வேண்டும். கியர் பாக்ஸை மட்டும் அடிப்புறமாக இறக்கிவிட்டு வேலை செய்ய இதில் வழியில்லை. ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களையும் கம்பிகளையும் பிரித்து, சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கி, மீண்டும் பொருத்தி முடிப்பதற்குள் நாட்கள் கழிந்துவிடும். அவ்வளவும் செய்து முடித்த பின் பழுது வேறிடத்தில் இருந்தது என்று தெரிய வந்தால், அந்த ஏமாற்றத்தை என்னவென்று சொல்வது? ஆகவே எஞ்சினைத் தொடுவதற்கு முன் பழுதின் இருப்பிடத்தை அறிவது எப்படி என்பதே நம் முன் உள்ள கேள்வி.

முதலில் கிளட்ச் என்ன செய்கிறது என்பதைக் காண்போம். பெட்ரோல் எஞ்சின் ஓரளவு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால்தான் வலிமை தரும். நிற்கும் வண்டியின் சக்கரங்களோடு அதை நேரே பிணைத்துவிட்டால் அது அப்படியே அணைந்துவிடும். எனவே சுழலும் எஞ்சினையும் அசையாத சக்கரங்களையும் வேண்டும்போது இணைக்கவும், வேண்டாதபோது பிரிக்கவும் ஓர் அமைப்பு தேவை. கியர் மாற்றும் நேரத்திலும் இந்தப் பிரிவு தேவைப்படுகிறது. அந்தப் பணியைச் செய்வதே கிளட்ச்.

எஞ்சினின் பின்முனையில் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் இருக்கிறது. அதை ஒட்டி, இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தகடு ஒன்று நிற்கிறது. இதுவே கிளட்ச் பிளேட். இந்தக் காரில் இதன் விட்டம் 8 அங்குலம். இதற்குப் பின்னால் பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தகடு உள்ளது. தட்டு வடிவமான வலிய எஃகு வில் ஒன்று, அழுத்தத் தகட்டை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதனால் கிளட்ச் பிளேட் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே இறுக நசுக்கப்பட்டு, எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. நாம் மிதியை அழுத்தும்போது, கவை போன்ற ஒரு நெம்புகோல் அந்த வில்லின் நடுப்பகுதியை அழுத்துகிறது, நசுக்கும் விசை நீங்குகிறது, தகடு விடுபடுகிறது. எனவே கிளட்ச் தானாகவே பிணைந்திருப்பது. நம் கால் செய்வது பிரித்தல் மட்டுமே. இந்த ஒரு செய்தியை நினைவில் இருத்திக்கொண்டால் பின்னால் வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

ஓட்டுபவரின் காலுக்கும் அந்த வில்லுக்கும் இடையே நீண்ட வழி இருக்கிறது. மிதி என்பது ஒரு நெம்புகோல். அது ஒரு தண்டைத் தள்ள, தண்டு மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. உருளையிலுள்ள திரவம் ஓர் உலோகக் குழாய் வழியாகவும், பிறகு வளையும் ரப்பர்க் குழாய் வழியாகவும் கீழே சென்று, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை அடைகிறது. அங்குள்ள பிஸ்டன் வெளியே நகர்ந்து மற்றொரு தண்டைத் தள்ளுகிறது. அந்தத் தண்டு கவை நெம்புகோலை அசைக்கிறது. இந்த இரண்டு உருளைகளையும் நான் மேல் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர் என்றே இனிக் குறிப்பிடுவேன்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்னும் விதியைப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். ஃபிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இதை விளக்கி எழுதிய நூல், அவர் மறைந்த அடுத்த ஆண்டாகிய 1663இல் வெளிவந்தது. இந்த விதியைப் பயன்படுத்தி ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795இல் நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். நம் காரின் கிளட்ச் அந்தப் பொறியின் சிறு வடிவமே. மேல் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம். கீழ்ச் சிலிண்டரின் உள்விட்டம் ஒன்றேகால் அங்குலம். விட்டங்களின் விகிதம் 3க்கு 5. பரப்பளவுகளின் விகிதமோ 9க்கு 25. ஆகவே மேலே தந்த விசை கீழே ஏறக்குறைய 2.8 மடங்காகப் பெருகுகிறது. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ, நகரும் தூரம் அத்தனை மடங்கு குறைகிறது. மேல் பிஸ்டன் 1 அங்குலம் நகர்ந்தால் கீழ்ப் பிஸ்டன் 0.36 அங்குலமே நகரும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. கால் நகரும் தூரத்தில் மிகச் சிறு பகுதியே கிளட்சை அடைகிறது. நல்ல நிலையில் உள்ள எம்.ஜி.பி. வண்டியில், மிதியை முழுவதும் அழுத்தும்போது கீழ்த் தண்டு ஏறத்தாழ அரை அங்குலம் நகரும். அந்த அரை அங்குலத்தைக் கொண்டுதான் கிளட்ச் விடுபட வேண்டும். வழியில் எங்கேனும் சிறிதளவு நகர்வு வீணானாலும் கிளட்ச் முழுவதும் பிரியாது. பெரும்பாலான கிளட்ச் தொல்லைகள் இவ்வாறு வழியில் களவு போகும் நகர்வினால் விளைபவையே அன்றி, கிளட்ச் என்னும் உறுப்பே கெடுவதால் விளைபவை அல்ல.

இனி நோயறியும் முறைக்கு வருவோம். முதற்கண், நோய் இரண்டில் எது என்று தெளிய வேண்டும். ஒன்று, பிரிய வேண்டியபோது பிரியாமை. மற்றொன்று, பிணைந்திருக்க வேண்டியபோது வழுக்குதல். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சினின் இரைச்சல் மட்டும் உயர்ந்து, வண்டியின் வேகம் உயராவிட்டால், அது வழுக்கும் நோய். தகடு தேய்ந்திருக்கலாம், அல்லது அதன்மேல் எஞ்சின் எண்ணெய் கசிந்திருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம். இவற்றை எஞ்சினை இறக்காமல் தீர்க்க இயலாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மிதி முழுவதும் மேலே திரும்பி வராவிட்டாலும், ரப்பர்க் குழாயின் உட்சுவர் வீங்கித் திரவம் திரும்புவதைத் தடுத்தாலும், கிளட்ச் அரைகுறையாக மிதிபட்ட நிலையிலேயே நின்று வழுக்கும். ஆகவே வழுக்கும் வண்டியிலும் இந்த இரண்டையும் பார்த்த பிறகே எஞ்சினைப் பற்றி நினைக்க வேண்டும்.

பிரியாத நோயை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் மிதியை முழுவதும் அழுத்தி, சில விநாடிகள் பொறுத்திருந்து, பிறகு பின்செல்லும் கியரைப் போட வேண்டும். முன்செல்லும் கியர்களில், பற்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் சின்க்ரோமெஷ் என்ற அமைப்பு உண்டு. இவ்வண்டியில் 1967 இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு நான்கு முன் கியர்களிலும் அது இருந்தது. அதற்கு முன் முதல் கியரில் இல்லை. பின்செல்லும் கியரில் எப்போதுமே இல்லை. எனவே அக்கியர் பொய் சொல்லாத சாட்சி. கிளட்ச் நன்கு பிரிந்திருந்தால், அந்தச் சில விநாடிகளில் உள்ளே சுழலும் தண்டு ஓய்ந்து நின்றுவிடும். கியர் ஓசையின்றி விழும். எவ்வளவு பொறுத்தாலும் பற்கள் உராய்ந்தால் கிளட்ச் பிரியவில்லை என்பது உறுதி. இச்சோதனையின்போது வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கலாகாது.

அடுத்து, மிதியே நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்போம். எவ்விதத் தடையுமின்றி மிதி தரையைத் தொட்டால், திரவம் வடிந்துவிட்டது, அல்லது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அறவே பழுதாகிவிட்டது. பஞ்சைப் போல மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தால் சற்றுத் திருந்துமானால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, காற்றையோ அமுக்கலாம். காலின் நகர்வு காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. முதலில் கிளட்ச் நன்றாகப் பிரிந்து, மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது வண்டி மெல்ல நகரத் தொடங்கினால், மேல் சிலிண்டரின் ரப்பர் வளையத்தைத் தாண்டித் திரவம் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது என்று ஐயுற வேண்டும். மிதி உறுதியாகவே இருந்து, அதன் தொடக்க நகர்வு மட்டும் வெறுமையாக இருந்தால், பழுது திரவத்தில் இல்லை. இணைப்பு ஊசியின் தேய்மானத்தில் இருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று ஓசை எழுந்தால், வில்லை அழுத்தும் கரி வளையம் தேய்ந்துபோய் உலோகத்தோடு உலோகம் உராய்கிறது எனலாம்.

இணைப்பு ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மிதியையும் மேல் சிலிண்டரின் தண்டையும் இணைப்பது விரலினும் மெல்லிய ஓர் எஃகு ஊசி. ஆயிரக்கணக்கான முறை மிதிபட்டு, அந்த ஊசியும் அது நுழையும் துளைகளும் தேய்ந்துவிடுகின்றன. வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிறது. கணக்குக்காக, நெம்புகோலின் விகிதம் 5 என்று கொள்வோம். ஊசியில் 1/16 அங்குலத் தளர்ச்சி ஏற்பட்டால், காலடியில் அது 5/16 அங்குல வெற்று நகர்வாகிவிடும். மிதியின் பயணத்துக்குத் தரை ஓர் எல்லை. ஆகவே தொடக்கத்தில் இழந்ததை முடிவில் ஈடு செய்ய இயலாது. கீழ்ச் சிலிண்டரின் தண்டிலும் இதே போன்ற ஊசி உண்டு. ஆனால் அச்சிலிண்டருக்குள் இருக்கும் மெல்லிய சுருள்வில் பிஸ்டனை எப்போதும் வெளிநோக்கித் தள்ளித் தண்டைக் கவையோடு சேர்த்தே வைத்திருப்பதால், அங்கே நேரும் தளர்ச்சி பெரும்பாலும் தானே சரிக்கட்டப்படுகிறது. மேல் ஊசிக்கு அத்தகைய துணை இல்லை. நான் அறிந்த ஒரு வண்டிக்கு, இங்கிலாந்தில் ஒரு பட்டறையில், எஞ்சினை இறக்கிப் புதிய கிளட்ச் முழுவதையும் பொருத்தினார்கள். வண்டியை வெளியே எடுத்தபோது பற்கள் முன்போலவே உராய்ந்தன. முடிவில் மிதியடியில் இருந்த ஊசியை மாற்றியதும் தொல்லை நீங்கிற்று. அவ்வூசியின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட இல்லை.

இனி, திரவம் இருக்கும் கலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இத்திரவத்தைப் பட்டறைகளில் பிரேக் ஆயில் என்பர். ஆயினும் இது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த பொருள்களால் ஆனது. இதற்குப் பதிலாகத் தெரியாத்தனமாக எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். திரவத்தின் மட்டம் குறைந்திருக்கிறதா? பிரேக்கில், தேய்மானத்துக்கு ஏற்பத் திரவ மட்டம் சற்றுக் குறைவது இயல்பு. கிளட்சில் அவ்வாறு இல்லை. கிளட்ச் பிளேட் தேயத் தேய, வில்லின் நடுப்பகுதி பின்னோக்கி வந்து, கவையின் வழியே கீழ்ப் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறது. எனவே திரவம் கலத்துக்குத் திரும்பிச் செல்லுமே தவிரக் குறையாது. ஆதலால் கிளட்ச் கலத்தில் மட்டம் குறைந்தால் எங்கோ கசிவு உண்டு என்பதில் ஐயமில்லை. வெறுமனே திரவத்தை நிரப்பிவிட்டுச் செல்வது, கசியும் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. மிதிக்கு மேலே தண்டு நுழையும் இடத்தையும், மிதிக்குக் கீழே விரிப்பையும் தடவிப் பாருங்கள். ஈரமிருந்தால் மேல் சிலிண்டர் கசிகிறது. கீழ்ச் சிலிண்டரின் முனையிலுள்ள ரப்பர் உறையை மெல்ல நீக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் தேங்கியிருந்தால் கசிவு அங்கே.

இவ்வளவிலும் விடை கிடைக்கவில்லை எனில், இப்பேச்சின் உயிர்நாடியான சோதனைக்கு வருகிறோம். காலிலிருந்து கிளட்ச் வரை உள்ள வழியின் நடுவே கீழ்ச் சிலிண்டரின் தண்டு இருக்கிறது. எஞ்சினை இறக்காமல் நம் கண்ணால் காணக்கூடிய கடைசி இடம் அதுவே. எஞ்சினை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்வது உயிருக்கு ஆபத்து. பிறகு ஒருவர் மிதியை முழுவதும் அழுத்த, மற்றொருவர் அத்தண்டு எவ்வளவு நகர்கிறது என்பதை அளவுகோலால் அளக்க வேண்டும்.

அளவு ஏறத்தாழ அரை அங்குலம் இருந்தால், அத்தண்டுக்கு மேலே உள்ள அனைத்தும், அதாவது மிதி, ஊசி, மேல் சிலிண்டர், குழாய்கள், கீழ்ச் சிலிண்டர் ஆகிய எல்லாம் குற்றமற்றவை. பழுது உள்ளே இருக்கிறது. அளவு குறைவாக இருந்தால் பழுது மேலே இருக்கிறது; எஞ்சினைத் தொட வேண்டிய தேவை இல்லை. மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கும்போது தண்டு மெல்லப் பின்வாங்கினால், ரப்பர் வளையங்கள் அழுத்தத்தைத் தாங்கவில்லை என்பதும் தெரியும். ஓர் அளவுகோலும் ஒரு துணைவரும் ஐந்து நிமிட நேரமும் இருந்தால், சந்தேகத்துக்கு உரியவர்களில் பாதிப் பேரை விடுதலை செய்துவிடலாம்.

இதில் பொதுவான ஓர் அறிவு நெறி அடங்கியுள்ளது. ஒருவர் 1 முதல் 100 வரை ஓர் எண்ணை மனத்தில் நினைத்துக்கொண்டால், ஒவ்வொன்றாக "இதுவா, இதுவா" என்று கேட்டுச் சென்றால் பல கேள்விகள் வேண்டும். "50க்கு மேலா, கீழா" என்று பாதியாகப் பிரித்துக்கொண்டே சென்றால் ஏழு கேள்விகளில் விடை கண்டுவிடலாம். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வருவதே காரணம். பழுது காண்பவரும் இவ்வாறே பாதி பாதியாகப் பிரித்துச் செல்ல வேண்டும்.

அளவு குறைவு என்று கண்டால், மேற்பகுதியை மீண்டும் பாதியாகப் பிரிப்போம். வளையும் ரப்பர்க் குழாயை, அதைக் காயப்படுத்தாத மழமழப்பான இடுக்கியால் இறுக்கி அடைத்துவிட்டு மிதியை அழுத்திப் பார்க்க வேண்டும். மிதி கல்லைப் போல் இறுகி நின்றால் மேல் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. குறை இடுக்கிக்குக் கீழே. அப்போதும் மிதி அமிழ்ந்தால் குறை மேல் சிலிண்டரிலோ, மேற்குழாயில் தங்கிய காற்றிலோ இருக்கிறது. காற்றை வெளியேற்றுவதிலும் சிந்தனைக்கு இடமுண்டு. வழக்கமான முறையில் மிதியை மிதித்துக் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம். ஆனால் காற்றுக் குமிழியின் இயல்பு மேலே எழுவது. குழாயின் உயர்ந்த வளைவில் அது தங்கிவிட்டால் எத்தனை முறை மிதித்தாலும் கீழே வர மறுக்கும். அத்தகைய வேளையில் கீழ்ச் சிலிண்டரின் திருகுவாய் வழியாகத் திரவத்தை மெல்ல மேல்நோக்கிச் செலுத்தினால், குமிழி தன் இயல்பின்படியே மேலே சென்று கலத்தில் வெளியேறிவிடும்.

தண்டு முழு அளவு நகர்ந்தும் கிளட்ச் பிரியாவிட்டால் மட்டுமே, எஞ்சினை இறக்கும் முடிவு நியாயமாகும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில், கிளட்ச் பிளேட் துருவினால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கவை வளைந்திருக்கலாம், கரி வளையம் தேய்ந்திருக்கலாம், அழுத்தத் தகடு சிதைந்திருக்கலாம். கியர் பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் சிறிய புஷ் இறுகி, கிளட்ச் பிரிந்த பிறகும் தண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கலாம். எஞ்சினை ஒருமுறை இறக்கிவிட்டால் இவை அனைத்தையும் ஒருசேரப் பார்த்துவிடுவதே அறிவுடைமை. ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பொருளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். எனவே அத்தூசை ஊதியோ, காற்றுக் குழாயால் அடித்தோ துப்புரவு செய்யலாகாது. ஈரப்படுத்தித் துடைத்தெடுக்க வேண்டும்.

வருமுன் காக்கும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அந்த ஈரம் உருளையின் உட்சுவரை அரித்துப் பள்ளமாக்கும். பள்ளம் விழுந்த சுவர் ரப்பர் வளையத்தை வெகு விரைவில் கிழித்துவிடும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் திரவத்தை மாற்றுவது நன்று. வண்ணப் பூச்சின் மேல் இது சிந்தினால் உடனே நீரால் கழுவிவிட வேண்டும். இல்லையேல் பூச்சு உரிந்துவிடும். ஓட்டும்போது கிளட்ச் மிதியின் மேல் காலை ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் கூடாது. அவ்வாறு வைத்த கால், ஓட்டுபவருக்குத் தெரியாமலே கரி வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். சாலை விளக்குக்காகக் காத்திருக்கும்போது கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுவதே முறை.

மாணவர்களே, உங்களில் பெரும்பாலோர் எம்.ஜி.பி. காரை ஓட்டப் போவதில்லை. அதைப் பழுது பார்க்கவும் போவதில்லை. எனினும் நாளை நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும் இதே சிக்கலைச் சந்திப்பீர்கள். ஒரு முனையில் நீங்கள் செய்யும் முயற்சி மறுமுனையில் பயன் தராமல் போகும். நீர் வராத குழாயாயினும், எரியாத விளக்காயினும், தவறான விடை தரும் கணக்காயினும், முதலில் வழி முழுவதையும் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். எங்கே முயற்சி நுழைகிறது, எங்கே மறைகிறது என்று கேளுங்கள். நடுவே ஓரிடத்தில் நின்று அளந்து பாருங்கள். செலவு குறைந்த சோதனையை முதலிலும், செலவு மிகுந்த சோதனையை இறுதியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஐயத்தின்பேரில் எதையும் கழற்றாதீர்கள். அளந்து அறிந்த பின் கழற்றத் தயங்காதீர்கள்.